பதினேழாவது பொருள்

சொற்களுக்குப் பொருள் சொல்வதற்கென்றே கெய்ரோவில் ஓர் உயர் மன்றம் இருந்தது. தொடங்கி நாற்பது வருஷம். அதற்குள் பதினோரு எழுத்துகளை முடித்துவிட்டார்கள். இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. பன்னிரண்டாவது எழுத்தான ஸீனில் ‘சில்சிலா’ என்ற சொல் வந்ததும் மன்றத்தின் வேலை அப்படியே நின்றுபோனது.

சொல் அப்படிப்பட்டது. நாயைக் கட்டும் சங்கிலியும் சில்சிலாதான், மலைத்தொடரும் சில்சிலாதான். வம்சவரிசை, முதுகெலும்பு, ஒரே பெயரில் ஊர் ஊராகத் திறக்கிற கடைகள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அங்கே காலம் தள்ளுகிறார்கள். ஊரில் இதனால் யாரும் குழம்பியதில்லை. முதுகு வலி என்று போனவனை எந்த வைத்தியரும் மலைக்கு அனுப்பியதில்லை. மன்றத்துக்கு மட்டும் குழப்பம் வந்தது. குழம்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

மித்வல்லிக்கு இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒரே சங்கிலி. கஃப்ர் நஊம் என்கிற அவனுடைய ஊர் வாய்க்காலின் மேற்குக் கரையில் இருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கபருஸ்தான் மூன்றும் கிழக்குக் கரையில். பாலம் பதினோரு கிலோமீட்டர் தள்ளி. ஆகவே படிக்கவோ பிழைக்கவோ புதைக்கவோ யாராயிருந்தாலும் மித்வல்லியின் ஓடத்தில்தான் ஏறவேண்டும். கரைக்குக் கரை கட்டிய சங்கிலி தண்ணீருக்குள் கிடக்கும். அதைத் தூக்கி ஓடத்தின் விளிம்பிலுள்ள உருளைகள்மேல் போட்டு, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தால் ஓடம் எதிர்க்கரை சேரும். ரஷீத் துறைமுகத்தில் உடைத்த சரக்குக் கப்பலிலிருந்து அவன் அப்பா கொண்டுவந்த சங்கிலி அது. நாற்பத்தாறு மீட்டர். நடுவில் ஒரு கண்ணி மட்டும் நெளிந்திருக்கும். அது கையில் தட்டுப்பட்டால் பாதி வாய்க்கால் தாண்டியாயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான்.

ஒரு வியாழக்கிழமை ராகிப் வந்து இறங்கினான். ராகிபைப் பெற்றவள் பிரசவத்தோடு ஜுரம் கண்டு கிடந்த நாற்பது நாளும் மித்வல்லியின் அம்மாதான் இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுத்தாள். அந்த ஊரில் ஒரு மார்பில் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் பெண்கூட எடுக்க முடியாது. ராகிப் படித்து, கெய்ரோ போய், உயர் மன்றத்தில் குமாஸ்தா ஆனவன். எங்கே இருந்தாலும் பெருநாள் காலையில் வந்து, அக்கரை போய், பால் கொடுத்த அந்த அம்மாவின் கபரில் பேரீச்ச ஓலை வைக்காமல் இருந்ததில்லை.

“அண்ணே, நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்” என்றான். “பாசன இலாகாக்காரனுங்க சின்ன ஓடத்துறையெல்லாம் மூடப் போறானுங்க. ஒன்னோடதும் லிஸ்டுல இருக்கு.”

“இதுவாடா நல்ல சேதி? வாயக் கழுவுடா.”

“முழுசாக் கேளு. எங்க அகராதியில இப்ப சங்கிலி வருது. ‘கஃப்ர் நஊம் ஓடத்துறையில் இன்றும் வழக்கில் உள்ளது’ன்னு ஒரு வரி விழுந்துட்டா, இலாகா என்ன, மந்திரியே வந்தாலும் ஒன்ன அசைக்க முடியாது. அரசாங்கப் புத்தகம்ணே. அதுல இருக்கறத இல்லன்னு எவன் சொல்லுவான்? ஒன் சங்கிலிய ஒரு மூணு நாள் குடு.”

மித்வல்லியின் மனைவி ஃபிக்ரியா தேநீர்த் தட்டோடு நின்றாள். “சங்கிலிய எதுக்குத் தூக்கிட்டுப் போவணும்? பாக்கணும்னா அவுங்க இங்க வந்து பாத்துட்டுப் போவட்டுமே.”

“மன்றம் எங்கயும் போகாது மதனி. பொருள்தான் மன்றத்துக்கு வரணும். மலைத்தொடருக்குக்கூட நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். அது இன்னும் வரல.”

“மூணு நாள்னா மூணு நாள்தானே?” என்று மித்வல்லி கேட்டான்.

“நம்ம அம்மா பால்மேல ஆணை.”

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது. மறுநாளே லாரி வந்தது. ராகிப் ஒரு ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான். மித்வல்லிக்கு எழுத்து கூடிவராது. “என்னடா போட்டிருக்க?” என்றான். “நாப்பத்தாறு மீட்டர் சங்கிலி, மூணு நாள்ல திருப்பித் தரப்படும்னு” என்று ராகிப் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். ஃபிக்ரியா அதைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

மூன்று நாள் மூன்று வாரமானது. மித்வல்லி ஒரு தேங்காய்நார் வடத்தைக் கட்டி இழுத்துப் பார்த்தான். உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது. நாலாம் நாள் வடம் அறுந்து, கணக்கு வாத்தியாரும் ஓர் எருமையுமாக ஓடம் அடித்துக்கொண்டுபோய் அடுத்த ஊரில் ஒதுங்கியது. அங்கே எருமைக்கு நல்ல உபசாரம் நடந்தது. வாத்தியார் நடந்தே திரும்பினார். மித்வல்லி ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கெய்ரோவுக்கு ரயில் ஏறினான்.

மன்றத்தில் அன்று சங்கிலி அமர்வு. நீண்ட மேசைமேல் பச்சைப் பட்டு விரித்து, சங்கிலியின் சேற்றையெல்லாம் சுரண்டிக் கழுவி, வார்னிஷ் அடித்துக் கிடத்தியிருந்தார்கள். மித்வல்லிக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. யாரோ நம் வீட்டு ஆளை மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்தது மாதிரி இருந்தது. ராகிப் மூலையில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். தலைவர் டாக்டர் ஷிஹாபுத்தீன் எழுந்தார். மன்றத்துக்குள் தூயமொழி தவிர வேறு பேசக்கூடாது என்பது விதி. தலைவர் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார் என்றும், அதனால்தான் வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை என்றும் வாசல் காவலாளி பிற்பாடு சொன்னான்.

“அறிஞர் பெருமக்களே! இம்மன்றத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பொருள் நேரில் வருகை தந்திருக்கிறது. இதுகாறும் நாம் சொற்களைக் கொண்டே சொற்களுக்குப் பொருள் உரைத்துவந்தோம். அதில் ஒரு பிழையும் நேர்ந்ததில்லை. ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க எதிரே எதுவும் இருந்ததில்லை. இன்று அந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை. ஆகவே எச்சரிக்கையுடன் இருப்போம்.”

கைத்தட்டல் ஓய்ந்ததும் ஒவ்வொரு கலைக்கும் ஓர் அறிஞர் எழுந்தார். ரசாயன அறிஞர் சங்கிலி என்பது கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் பிணைப்பு என்றும், கண்ணுக்குத் தெரிவதால் இதன்மேல் தமக்குச் சந்தேகம் என்றும் சொன்னார். கணித அறிஞருக்குச் சங்கிலி முடிவில்லாதது. இதற்கு இரண்டு முனை இருப்பதைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். நில அளவை அறிஞர் டேப் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, சங்கிலி என்றால் இருபது மீட்டர்தான், மிச்சம் இருபத்தாறு மீட்டர் ஆக்கிரமிப்பு என்றார். ராணுவத்திலிருந்து வந்திருந்த ஜெனரல் சங்கிலி என்பது மேலிருந்து கீழே உத்தரவு இறங்குவது என்று விளக்கி, மேசைமேல் தட்டையாகக் கிடக்கும் இதில் மேல் எது, கீழ் எது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஜெனரல் அதைக் கீழ்ப்படியாமை என்று பதிவு செய்யச் சொன்னார்.

ஒரு செய்தி யார் வாயிலிருந்து யார் வாய்க்கு வந்தது என்று ஆராய்கிற அறிஞர் மித்வல்லியையே எழுப்பி நிறுத்தினார்.

“இது சங்கிலி என்று உமக்கு அறிவித்தவர் யார்?”

“எங்கப்பா.”

“அவருக்கு?”

“ரஷீதுல கப்பல் ஒடைக்கிறவரு ஒருத்தரு.”

“அவர் வாய்மையாளரா?”

மித்வல்லி பொய் சொல்லிப் பழகாதவன். “எடையில கொஞ்சம் கைவைப்பாருன்னு அப்பா சொல்லுவாரு.”

“நடுவில் நம்பத்தகாதவர் ஒருவர். எனவே இது பலவீனமான சங்கிலி” என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார்.

“முப்பது வருஷமா எருமைய ஏத்தி இழுக்கறேன் ஐயா, ஒரு கண்ணி விட்டதில்ல” என்று மித்வல்லி சொன்னது தூயமொழியில் இல்லாததால் குறிப்பில் ஏறவில்லை.

அடுத்து வம்சவரிசை அறிஞர். நபிகள் காலத்துக்கு முன்னாலிருந்து எல்லாக் குலத்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், தம் பேரப்பிள்ளைகள் பெயரை மட்டும் காகிதம் பார்த்துச் சொல்வார். “உறவுச் சங்கிலியில் ரத்தமே கண்ணி. ரத்தம் தவிர வேறு கண்ணி இல்லை” என்றார்.

மித்வல்லிக்குப் பொறுக்கவில்லை. “அப்ப பாலு?” என்றான்.

அவை திரும்பிப் பார்த்தது. தலைவர் அகரவரிசைப் பட்டியலில் விரல் ஓட்டினார். “பால், அதாவது ‘லபன்’, ‘லாம்’ எழுத்தில் வருகிறது. அது இருபத்து மூன்றாவது எழுத்து. அங்கே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.”

பதினோரு எழுத்துக்கு நாற்பது வருஷம் என்றால் இன்னும் எத்தனை என்று மித்வல்லி கணக்குப் போடவில்லை. அவன் ராகிபைத்தான் பார்த்தான். ராகிப் தலையைத் தூக்காமல் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒவ்வோர் அறிஞரும் தனித்தனியாக ஆராய ஒரு மாதிரித் துண்டு வேண்டும் என்று தீர்மானம் வந்தது. “பிரிக்காமல் முழுமையை அறிய இயலாது” என்றார் தலைவர். பின்கட்டிலிருந்து ஒருவன் இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு வந்தான்.

“ஐயா! அது அறுத்தா சங்கிலி இல்ல, ஐயா! வெறும் இரும்பு!” மித்வல்லி மேசைமேல் விழாத குறையாக ஓடி, பையிலிருந்த ரசீதை எடுத்து நீட்டினான். “எனக்குத் திருப்பித் தரணும்னு எழுதியிருக்கு!”

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். “‘பொருள் ஒன்று. தன்மை பின்னர் தீர்மானிக்கப்படும்.’ இதில் சங்கிலி என்ற சொல்லே இல்லையே, அப்பா. திருப்பித் தருவது பற்றியும் இல்லை. சங்கிலி எது என்று நாங்கள் முடிவு செய்யுமுன் நீர் சங்கிலி கொடுத்தது எப்படி? ரசீதை எழுதியவர் கவனமான ஊழியர்.”

மித்வல்லி மூலையிலிருந்த ராகிபைத் திரும்பிப் பார்த்தான். விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தானே, அந்த விரல் எதைத் தொட்டது? தாழ்வாரத்தில் ராகிப் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “ஃபாரம் அப்படித்தாண்ணே. கவர்மெண்டு பாஷை. எல்லாம் முடிஞ்சதும் வெல்டிங் வெச்சு முழுசாக் குடுத்துருவாங்க. அடுத்த வாரம் ஒன் ஓடத்துறைய ஆய்வு பண்ண ஆள் வருது. யாரு தெரியுமா? நான்தான். நானே கேட்டு வாங்கினேன்.”

நம்பினான். அவனை நம்பாமல் இருக்க மித்வல்லி பழகியதே இல்லை.

சொன்னபடி ராகிப் வந்தான். ஃபிக்ரியா நெய் ஊற்றி அடுக்கடுக்காகப் பரோட்டா சுட்டு, பழைய பாலாடைக்கட்டியும் தேனும் வைத்தாள். ராகிப் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, கரையில் முழங்காலிட்டுத் தண்ணீரைப் பார்த்தான், ஓடத்தைப் பார்த்தான், எழுதினான்.

“என்னடா எழுதற?”

“பாத்தத எழுதறேண்ணே.”

“நல்லா எழுது. எங்கப்பா பேரையும் போடு.”

“போடறேன், போடறேன்.” மிச்சப் பரோட்டாவை ஃபிக்ரியா துணியில் கட்டிக் கொடுத்தாள்.

ரமலானுக்கு முந்தின மாதம் பன்னிரண்டாம் தொகுதி வெளியீட்டு விழா. மித்வல்லிக்கும் அழைப்பு வந்தது. வெளுத்த ஜலாபியா அங்கியை நீலம் போட்டுத் துவைத்து உடுத்திக்கொண்டு போனான். மன்றத்தின் வாசலில் இரண்டு தூணுக்கு நடுவே, பொதுமக்கள் உள்ளே வராதிருக்க, வார்னிஷ் அடித்த சங்கிலித் துண்டு ஒன்று தொங்கியது. மித்வல்லி அதைத் தொட்டுப் பார்த்தான். காவலாளி அவன் கையைத் தட்டிவிட்டான்.

மேடையில் அறிஞர்களுக்கு நினைவுப் பரிசு வழங்கினார்கள். மரப்பலகையில் பதித்த சங்கிலிக் கண்ணிகள், தங்கமுலாம் பூசியவை. அந்த நெளிந்த கண்ணி புவியியல் அறிஞருக்குப் போனது. அதில் ஒரு சிகரம் போன்ற எழுச்சி இருப்பதாக அவர் நன்றியுரையில் குறிப்பிட்டார். மித்வல்லியின் உள்ளங்கை அவனை அறியாமல் மூடிக்கொண்டது. அவனுக்கும் மேடையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், ‘பொருளாக உதவியமைக்கு’ என்று.

பிறகு தலைவர் சங்கிலியின் நாற்பத்தொரு பொருளையும் வாசிக்கத் தொடங்கினார். மித்வல்லி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். பதினேழாவது வந்தது.

“ஓடச் சங்கிலி. பண்டைக்காலத்தில் ஓடங்களை இழுக்கப் பயன்பட்டதாகக் கருதப்படுவது. வழக்கொழிந்தது. கஃப்ர் நஊம் ஓடத்துறையில் நேரில் ஆராய்ந்ததில் இதன் தடயம் எதுவும் காணப்படவில்லை. ஆய்வு: உஸ்தாத் ராகிப், கள ஆய்வாளர், முதல் நிலை.”

குமாஸ்தாவாக இருந்தவன் முதல் நிலை ஆய்வாளர் ஆகியிருந்தான். பழச்சாறு கொடுக்கிற இடத்தில் மித்வல்லி அவனைக் கண்டுபிடித்தான்.

“தடயம் இல்லன்னு எழுதினியாடா? எங்கிட்டத் துன்னுட்டு வந்து எழுதினியாடா?”

“கத்தாதண்ணே. எல்லாரும் பாக்கறாங்க. நான் என்ன பொய்யா எழுதினேன்? நான் வந்தப்ப அங்க சங்கிலி இருந்துச்சா? சொல்லு.”

“நீதானடா கொண்டு போன!”

“அத எழுத ஃபாரத்துல கட்டம் இல்லண்ணே.” ராகிபின் குரல் இறங்கியது. “இருவத்தி ரெண்டு வருஷமா ஒரே நாற்காலிண்ணே. ஒரு சொல்ல முடிச்சுக் குடுக்கறவனுக்குத்தான் பதவி ஒசத்தித் தராங்க. சங்கிலி இருக்குன்னு எழுதினா இன்னும் பத்து வருஷம் ஆராய்ச்சி இழுக்கும். இல்லன்னா முடிஞ்சுது. நீ அண்ணன்தானே, புரிஞ்சுப்பன்னு நெனச்சேன்.”

மித்வல்லிக்குப் புரிந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அடிக்கக் கை ஓங்கினான். அம்மா ஞாபகம் வந்து கை தானே இறங்கிவிட்டது. சான்றிதழைப் பழச்சாற்று மேசைமேல் வைத்துவிட்டு ரயிலுக்கு நடந்தான். ரயிலில் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான், பக்கத்திலிருந்தவர் ஏதாவது மரணமா என்று கேட்கிற அளவுக்கு.

பதினைந்து நாளில் பாசன இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். கக்கத்தில் பன்னிரண்டாம் தொகுதி. பதினேழாவது பொருள் இருந்த பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தார்.

“இங்க ஓடத்துறை இல்லன்னு அரசாங்கப் புத்தகமே சொல்லுது. ஒன் உரிமத்துல ‘சங்கிலி ஓடம்’னு இருக்கு. சங்கிலி எங்க?”

“கெய்ரோவுல, நாப்பது வீட்டு அலமாரியில இருக்கு ஐயா.”

“இந்தா, நக்கலு வேணாம்.”

“இந்தா நிக்குதே ஐயா, ஓடம்! தொட்டுப் பாருங்க!”

“ஓடம் நிக்குது, ஒத்துக்கறேன். ஓடத்துறை இல்ல.” இன்ஸ்பெக்டர் ஓடத்தைக் கரையில் ஏற்றிக் கம்பி சுற்றி, ஈய முத்திரை வைத்தார். கம்பியை முறுக்கக் குறடு கொண்டுவர மறந்திருந்தார். மித்வல்லியின் வீட்டுக் குறடுதான் கைகொடுத்தது.

அதற்குப்பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். பேறுகாலம் வந்த பெண்ணைக் கழுதை வண்டியில் பாலம் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஊரில் யாரும் மித்வல்லியைத் திட்டவில்லை. “நீயாடா தூக்கிக் குடுத்த?” என்று மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அது திட்டைவிட மோசம். ஃபிக்ரியா ஒரு வார்த்தையும் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அவள் அப்புறம் நெய்ப் பரோட்டா சுடவே இல்லை.

பெருநாள் வந்தது. விடியற்காலையிலேயே ஊர் முழுக்க வண்டி கட்டிக்கொண்டு பாலம் சுற்றிக் கபருஸ்தானுக்குக் கிளம்பியது. மித்வல்லி போகவில்லை. வாய்க்காலின் அக்கரையில், இரண்டாவது வரிசையில், அம்மாவின் கபர் இங்கிருந்தே தெரிகிறது. பார்த்துக்கொண்டே கட்டிப்போட்ட ஓடத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். வெறுங்கையோடு வண்டியில் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

தெருமுனையில் டாக்ஸி ஒன்று நின்று, திரும்பிப் போனது. ராகிப் இறங்கி வந்தான். புதுக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ். ஒரு கையில் பச்சைப் பேரீச்ச ஓலை, மறு கையில் கபரில் பங்கிடும் ரொட்டிக்கூடை. ஓடத்தைப் பார்த்தான். ஈய முத்திரையைப் பார்த்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. தான் எழுதியதை யாராவது படிப்பார்கள் என்று மன்றத்தில் எவருமே எதிர்பார்ப்பதில்லை.

“பெருநாள் வாழ்த்துண்ணே.”

“வாங்க உஸ்தாத்” என்றான் மித்வல்லி.

அந்த ‘வாங்க’வில் ராகிப் ஓர் அடி பின்வாங்கினான். ஐம்பது வருஷத்தில் அவனை மித்வல்லி ‘வாங்க’ என்றதில்லை. “என்னண்ணே இது, மரியாதையெல்லாம். என்ன அக்கரைக்குக் கொண்டு விடு. வெயில் ஏறறதுக்குள்ள அம்மாவப் பாத்துட்டு வந்துடறேன்.”

“எதுல போவீங்க? இங்க ஓடத்துறையே இல்லீங்களே. ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. முதல் நிலை ஆளு ஒருத்தரு.”

“அண்ணே, குத்திக் காட்டாத. டாக்ஸியும் போயிடுச்சு. பாலத்துக்குப் பதினோரு கிலோமீட்டர், இந்த பூட்ஸப் போட்டுட்டு எப்படி நடப்பேன்? ஒரு வருஷம்கூட நான் தவறினதில்ல, ஒனக்கே தெரியும். முத்திரைய அவுத்து ஒரே ஒரு தடவ, வடத்தக் கட்டி இழுத்துடலாம். எங்கிட்டயும் கொஞ்சம் ஈரம் இருக்குண்ணே. எனக்கும் அவ அம்மாதானே? நானும் அவ பாலக் குடிச்சவன்தானே?”

பேரீச்ச ஓலை அவன் கையில் நடுங்கியது. அந்த நடுக்கம் நடிப்பில்லை என்று மித்வல்லிக்குத் தெரிந்தது. முன்பென்றால் அந்த நடுக்கத்துக்கே வாய்க்காலில் குதித்து ஓடத்தைத் தோளால் தள்ளிக்கொண்டு போயிருப்பான். அவன் அக்கரையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“பால் இருவத்தி மூணாவது எழுத்துங்க, உஸ்தாத்” என்றான். “அங்க வரும்போது பாத்துக்கலாம்.”